முப்பத்தொரு மூச்சு

அத்தியாயம் 6

"மூச்சு விடறான் மேடம். ஆனா வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான். எனக்கு இது பழக்கமான விஷயம்தான். எங்க வீட்ல கடைசி ரெண்டு வருஷம் இப்படித்தான் ஓடுச்சு."

ஹெட்போனைக் கழற்றாமலே இதைச் சொன்னான் பீப்பாய். காதை அடைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் எல்லோரும் செய்கிற மாதிரி கத்திச் சொன்னான். அவன் மனைவி கிளம்பிப் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவளை வைத்து இன்னும் ஜோக் அடித்துக்கொண்டிருக்கிறான். வேறு எதற்கும் அவள் அவனுக்கு அகப்படுவதில்லை.

அவனுடைய முதலாளியம்மா சிரிக்கவில்லை. வெளியில் அவளுக்கு ஊசி என்று பெயர். ஒல்லியாக இருப்பாள், எங்கே நுழைந்தாள் என்று தெரியாமல் நுழைந்துவிடுவாள். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவள் மேடம்தான். துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிய ஒற்றை அறை அவளுடையது. அந்த அறையில் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரே உதவியாளன், ஐம்பத்திரண்டு வயது பீப்பாய்.

"எத்தனை தடவை?" என்றாள்.

"பத்தாவது அத்தியாயத்துல முப்பத்தொரு தடவை. எந்த நிமிஷம், எந்த செகண்டுன்னு எல்லாம் குறிச்சு வெச்சிருக்கேன். மூச்சை உள்ள இழுக்கறான், கடைசியில சின்னதா ஒரு விசில். இழுப்பு உள்ள ஆளு."

"நான் சொல்லலையா?" என்றார் பின்னால் நின்ற குரல்காரர்.

குரல்காரருக்கு அறுபது வயது. புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவார். அதை ஒரு கம்பெனி ஆடியோ புத்தகமாக விற்கிறது. ஆள் சின்னவர், குரல் பெரியது. பேசினால் அறை நிறைந்துவிடும், நிறுத்தினால் அவர் அங்கே நிற்பதே மறந்து போகும். நாலாவது மாடியில் இருக்கும் இந்த வீட்டின் உள்ளறையில்தான் அவருடைய பிழைப்பு நடக்கிறது. சுவர் முழுக்க பழைய ரஜாய்ப் போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். ஜன்னலை மெத்தைத் துண்டு வைத்து அடைத்திருந்தார். நடுவில் ஒரு மேஜை, அதன்மேல் மைக், மைக் செருகும் சின்னப் பெட்டி, கம்ப்யூட்டர், படிக்கிற விளக்கு. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் தெருவில் ஊர்வலமே போனாலும் தெரியாது.

அப்படிப்பட்ட அறையில், இரண்டு வாரமாக, அவருடைய பதிவுகளில் வேறு ஒருவர் மூச்சு விடுகிறார்.

"எனக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டுப் போறான் மேடம். நான் வாசிக்கும்போது ஹெட்போன் போட்டிருப்பேன், திரும்பிப் பார்க்க மாட்டேன். மாத்துச் சாவி காவலாளிகிட்ட இருக்கு. ரெண்டு தடவை சட்டுன்னு கதவைத் திறந்தேன். ரெண்டு தடவையும் வாசல் கதவுல காதை வெச்சுக்கிட்டு நின்னான். இதுக்கு மேல என்ன வேணும்?"

குடியிருப்போர் சங்கத்துச் செயலாளருக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. குரல்காரரின் புகாரைப் படித்தார், இன்று மாலை ஐந்து மணிக்குக் காவலாளி சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். வேலை போனால் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறையும் போகும். பதினோரு வருஷமாகக் காவலாளிக்கு அதுதான் வீடு. யாராவது பின்னால் கேள்வி கேட்டால் காட்டுவதற்கு எழுத்தில் ஒரு சாட்சியம் வேண்டும் என்றுதான் குரல்காரர் இவர்களைக் கூப்பிட்டிருந்தார்.

மணி மூன்று ஐந்து.

"பீப்பாய், கீழ போய் அவரைப் பார்த்துட்டு வாங்க," என்றாள் ஊசி. "இந்த மூச்சை உங்க போன்ல ஏத்திக்கிட்டுப் போங்க."

"நாலு மாடி மேடம். லிஃப்ட் வேலை செய்யல."

"இறங்கறதுக்கு என்ன கஷ்டம்?"

"இறங்கறதுக்கு ஒண்ணுமில்ல. திரும்பி வரணுமேன்னு பார்க்கறேன்."

*

காவலாளி ஏற்கெனவே மூட்டை கட்டிவிட்டார். ஒரே ஒரு பை. கட்டிலுக்கு மேல் அது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பதினோரு வருஷம் ஒரு பைக்குள் அடங்கிவிட்டதைப் பார்த்ததும் பீப்பாய்க்குத் தன் வீட்டு ஞாபகம் வந்தது. அவன் மூட்டை கட்டினாலும் இரண்டாவது பை தேவைப்படாது. டிவி மட்டும் உள்ளே போகாது. யாரும் பார்க்காவிட்டாலும் அவன் வீட்டில் அது ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் ஏதாவது ஒரு பேச்சுக் குரல் வேண்டியிருந்தது அவனுக்கு.

"அண்ணே, நேரா கேக்கறேன். அவர் வீட்டுக்குள்ள போனீங்களா?"

"இல்ல."

"கதவுக்கிட்ட நின்னீங்களா?"

"நின்னேன்."

"எதுக்கு?"

காவலாளி பையின் வாரை இழுத்துச் சரி செய்தார். "சும்மாதான்."

"சும்மா நிக்கறதுக்கு நாலு மாடி ஏறுவாங்களா யாராவது? எனக்கு சம்பளம் குடுத்தாலே ஏற மாட்டேன்."

காவலாளி மூச்சு விடும்போது அவர் நெஞ்சிலும் லேசாக ஏதோ கீச்சிட்டது. பீப்பாய் அதைக் கவனித்தான், கவனித்ததற்காக வருத்தப்பட்டான். போனை எடுத்து அந்த மூச்சைப் போட்டுக் காட்டினான்.

காவலாளி குனிந்து கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். இரண்டாம் தடவை கேட்டபோது அவர் முகம் மாறியது. தெரிந்த ஆளைக் கூட்டத்தில் பார்த்துவிட்ட முகம்.

"யாருன்னு தெரியுமா அண்ணே?"

"சாரையே கேளுங்க."

"சார்தான் உங்களைக் கை காட்டறார்!"

"அப்படியா சொல்றார்? சரி," என்றார் காவலாளி. அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து எதுவும் கிளம்பவில்லை. பீப்பாய் கெஞ்சிப் பார்த்தான், மிரட்டிப் பார்த்தான், இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜோக்கும் அடித்துப் பார்த்தான். பலிக்கவில்லை.

*

நாலு மாடி ஏறி வந்து கதவில் சாய்ந்தபோது அவனுடைய மூச்சே விசில் அடித்தது. "என்னையும் சேர்த்துப் பிடிச்சுக் குடுத்துடுங்க," என்றான்.

ஊசி அதற்குள் மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தாள். மைக் கேபிளை மாற்றியிருந்தாள். ஹெட்போனை மாற்றியிருந்தாள். சின்னப் பெட்டியைக் கழற்றி வேறு துளையில் செருகியிருந்தாள். கம்ப்யூட்டருக்கு உள்ளேயே ஒரு மைக் உண்டு, அது தெரியாத்தனமாக ஓடி எதையாவது சேர்த்துப் பிடிக்கிறதா என்றும் பார்த்துவிட்டாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மூச்சு எதிலிருந்து வருகிறது என்று மட்டும் பிடிபடவில்லை.

"அவர் என்ன சொன்னார்?"

"சாரையே கேளுங்கன்னார். அதோட பூட்டு போட்டுட்டார்."

ஊசி எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டாள். குரல்காரரைப் பார்த்தாள். அவர் சட்டென்று விளக்கைத் திருப்பி வைத்தார், திருப்பவேண்டிய அவசியமே இல்லாத விளக்கை.

கம்ப்யூட்டருக்கு மேலே, ரஜாயில் குண்டூசி குத்தி ஒரு தாள் மாட்டியிருந்தது. பதினாலு வரிகள், எண் போட்டு, நீல மையில். பதிவு செய்வது எப்படி, வெட்டுவது எப்படி, அனுப்புவது எப்படி என்று ஒவ்வொரு படியாக எழுதியிருந்தது. தாளின் ஓரங்கள் கை பட்டுப் பட்டு அழுக்கேறியிருந்தன.

"இது யார் எழுதினது?"

"மெஷினை மாட்டிக் குடுத்த மெக்கானிக். எனக்கு இந்த சாஃப்ட்வேர் ஒண்ணும் புரியாது மேடம். அதுல எழுதியிருக்கிறபடி ஒவ்வொண்ணா அமுக்குவேன், அவ்வளவுதான்."

ஊசி தாளுக்குக் கிட்டே போய்ப் படித்தாள். அப்புறம் நகர்ந்து பீப்பாய்க்கு இடம் விட்டாள். அவனும் படித்தான். நாலாவது வரி: திரை உறைந்து போனால் பயப்படாதீங்க, எல்லாம் சேவ் ஆகியிருக்கும். ஒன்பதாவது வரி: இங்கே ஒரு மணி நேரம் ஆகும், போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க.

"நல்ல மெக்கானிக்," என்றான் பீப்பாய். "என் வீட்டு ஃப்ரிட்ஜை ரிப்பேர் பண்ணவன் என்னைச் சாப்பிட்டியான்னு கேக்கல. ஃப்ரிட்ஜுல இருந்ததைத்தான் சாப்பிட்டான்."

"மெக்கானிக் யாரும் பயப்படாதீங்கன்னு எழுத மாட்டான்," என்றாள் ஊசி. "இருக்கட்டும். சார், நீங்க வாசிச்சதை வெட்டி ஒட்டறதுக்கு முன்னாடி, முதல்ல பதிவானது அப்படியே இருக்கா?"

"இருக்கு. மூணாவது படி. பச்சைன்னு ஒரு ஃபோல்டர்ல போட்டு வெக்கணும்."

பச்சைப் பதிவைப் போட்டார்கள். பீப்பாய் தன் பட்டியலை எடுத்துக்கொண்டான். முதல் மூச்சு வரவேண்டிய வாக்கியம் வந்தது, போனது. மூச்சு வரவில்லை. இரண்டாவது வாக்கியம், மூன்றாவது வாக்கியம். பத்து வரைக்கும் பார்த்துவிட்டு அவன் பேனாவைக் கீழே வைத்தான். குரல்காரர் மூச்சு வாங்குவது ஒவ்வொரு இடத்திலும் கேட்டது. அந்த இன்னொரு மூச்சு ஒரு இடத்தில்கூட இல்லை.

"மேடம், சார் வாசிச்சப்போ ஆள் இல்ல. வாசிச்சு முடிச்சப்புறம் வந்து மூச்சு விட்டுட்டுப் போயிருக்கான். அப்போ அவன் ரூமுக்குள்ளயே வரல. கம்ப்யூட்டருக்குள்ளதான் வந்திருக்கான்!"

"பேய்னு சொல்றீங்களா?" குரல்காரரின் பெரிய குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"பேயா இருந்தா இவ்வளவு ஒழுங்கா இருக்காது சார்," என்றாள் ஊசி. "முப்பத்தொண்ணையும் கேட்டேன். ஒரே நீளம், ஒரே விசில். உயிரோட இருக்கிறவன் ஒரு மூச்சு மாதிரி இன்னொரு மூச்சு விடமாட்டான். இது முப்பத்தொரு மூச்சு இல்ல. ஒரே மூச்சு. நீங்க வாசிச்ச தாளெல்லாம் எங்க?"

அவர் எடுத்துக் கொடுத்தார். பத்தாவது அத்தியாயம், இருபத்திரண்டு பக்கம். அங்கங்கே ஓரத்தில் பென்சிலால் சின்னக் கோடுகள் இருந்தன. நாக்கு தடுமாறினாலோ ஒரு சொல் விட்டுப் போனாலோ வாசிப்பை நிறுத்தி, பென்சிலால் ஒரு கோடு கிழித்துவிட்டு, வாக்கியத்தை மறுபடி ஆரம்பிப்பாராம். பின்னால் அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் தப்பான இடங்களை வெட்டுவாராம்.

"எண்ணுங்க," என்றாள் ஊசி.

பீப்பாய் எண்ணினான். பாதியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது, இருந்தாலும் கடைசிப் பக்கம் வரைக்கும் எண்ணினான். "முப்பத்தொண்ணு."

"நீங்க தப்பு பண்ற இடத்துல மட்டும்தான் அந்த ஆள் மூச்சு விடறான்," என்றாள் ஊசி குரல்காரரிடம். "காவலாளிக்கு நீங்க தப்பு பண்ணது எப்படித் தெரியும்? தப்பை வெட்டின இடத்துல என்ன போடறீங்க?"

"ஆறாவது படி," என்றார் அவர். மனப்பாடம். "வெட்டின இடத்தைச் சும்மா விடக்கூடாது. சும்மா விட்டா திடுக்குன்னு குழியில விழுந்த மாதிரி இருக்கும். எந்த ரூமுக்கும் அதுக்குன்னு ஒரு அமைதி உண்டு. அதைத் தனியாப் பதிவு பண்ணி வெச்சிருக்கணும். அமைதிங்கற ஃபைல்லேருந்து முதல் ரெண்டு செகண்டை எடுத்து அங்க ஒட்டணும்."

"அந்த ஃபைலை முழுசா கேட்டிருக்கீங்களா?"

"அதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு மேடம்? அமைதிதானே?"

மணி நாலு பத்து. ஊசி அந்த ஃபைலைத் தேடி எடுத்தாள். நாற்பது செகண்ட். பதிவான தேதியைப் பார்த்தாள். மூன்று வருஷமும் நாலு மாதமும் ஆகியிருந்தது.

"மூணு வருஷமா இதையேதான் ஒட்டறீங்க. அப்போ ஏன் ரெண்டு வாரமா மட்டும் கேக்குது?" அவள் திரையில் எதையோ தேடிக்கொண்டே பேசினாள். "ரெண்டு வாரம் முன்னாடி எதை மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தலையே."

"சார், இதோ இருக்கு பாருங்க, புதுசா ஒரு பிளக்-இன். தாள்ல இது இல்ல. பதினஞ்சாவது படி."

குரல்காரர் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார். சத்தம் கம்மியாக இருக்கிறது, எல்லாப் புத்தகமும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்று கம்பெனியிலிருந்து சொன்னார்களாம். பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கிவிட ஒரு பிளக்-இன் இருக்கிறது என்று போனில் ஒருவர் சொன்னாராம். இவரே போட்டுக்கொண்டார்.

"திரையில இந்தக் குமிழை முழுசாத் திருகி வெச்சிருக்கீங்களே?"

"பாதி போதுமா, முழுசாத் திருகணுமான்னு தெரியல," என்றார். "யாரைக் கேக்கறது?"

அதைக் கேட்டதும் பீப்பாய் திரையைப் பார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கும் போன வாரம் காய்ச்சல் வந்தது. மாத்திரை ஒன்றா இரண்டா என்று தெரியாமல் ஒன்றரையாகப் போட்டுக்கொண்டு படுத்தான்.

ஊசி பிளக்-இன்னை நிறுத்திப் போட்டுக் காட்டினாள். மூச்சு அடியில் எங்கேயோ போய்விட்டது. மறுபடி ஓடவிட்டாள், மூச்சு மேலே வந்தது. இரண்டு முறை செய்து காட்டினாள். "மூணு வருஷமா உங்க எல்லாப் புத்தகத்துலயும் இந்த ஆள் மூச்சு விட்டுக்கிட்டுதான் இருக்கான். எங்கெல்லாம் தப்பு பண்ணீங்களோ அங்கெல்லாம் அவன்தான் வந்து அடைச்சிருக்கான். இந்தக் குமிழ் அவனை வெளியில கொண்டு வந்துடுச்சு, அவ்வளவுதான். இப்போ சொல்லுங்க சார். அமைதியைப் பதிவு பண்ணப்போ ரூம்ல யார் இருந்தா?"

"யாரும் இல்ல. நான் தனி ஆளு. எப்பவுமே தனி ஆளுதான்."

ஊசி வாதாடவில்லை. ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டாள். ஸ்பீக்கரையும் திறந்துவிட்டாள். அந்த நாற்பது செகண்ட் அமைதியைக் குமிழ் முழுக்கத் திருகிய நிலையில் ஓடவிட்டாள்.

முதலில் அந்த மூச்சு வந்தது. கடைசியில் விசில். அப்புறம் அடுத்த மூச்சு, அதற்கடுத்தது. யாரோ சாவகாசமாக, வேலை பழகினவன் மாதிரி, சத்தம் வராமல் உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு ஆளின் மூச்சுதான் இருந்தது. பீப்பாய்க்கு அது விசித்திரமாகப் பட்டது. பதிவு செய்தவர் குரல்காரர் என்றால் அவருடைய மூச்சு எங்கே?

முப்பத்தெட்டாவது செகண்டில் மெதுவாக ஒரு குரல் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல்.

"போதும்ணா. மூச்சை விடுங்க. செத்துகித்துப் போயிடாதீங்க."

பெரிய பெருமூச்சு ஒன்று. இரண்டு பேர் சிரிக்கிற சத்தம். பதிவு அங்கே முடிந்தது.

குரல்காரர் ஹெட்போனைக் கழற்றவில்லை. இரண்டு கையாலும் அதைக் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அமைதி கெட்டுவிடக் கூடாதே என்று நாற்பது செகண்டும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கத் தோன்றவில்லை அவருக்கு.

"தம்பி," என்றார் ஒருவழியாக. "என் தம்பி. பதினாறு வருஷம் கூடவே இருந்தான். மெஷின் பூராவும் அவன் பார்த்துக்குவான், நான் வாசிப்பேன். மூணு வருஷம் முன்னாடி ஒரு நாள் கம்பெனிக்காரங்க வீட்டுக்கு வந்தாங்க. இவர் யாருன்னு கேட்டாங்க. பட்டன் அமுக்கறதுக்கு வெச்சிருக்கேன்னு சொன்னேன். சும்மா, ஒரு பெருமைக்குத்தான் சொன்னேன். அவன் அங்கயே நின்னுக்கிட்டிருந்தான். அவங்களுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டு வந்து குடுத்தான். மறுநாள் காலைல பார்த்தா ஆள் இல்ல. இந்தத் தாள் மட்டும் இருந்தது."

பீப்பாய் தாளை மறுபடி பார்த்தான். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் கதவை அறைவார்கள், திட்டி எழுதி வைப்பார்கள், அவன் மனைவியைப் போல ஒன்றுமே எழுதாமலும் போவார்கள். இந்த ஆள் விடிய விடிய உட்கார்ந்து பதினாலு படி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இதற்கு ஒரு ஜோக் இருக்கிறதா என்று பீப்பாய் தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை.

"காவலாளிக்கு உங்க தம்பியைத் தெரியும்," என்றாள் ஊசி. "மூச்சைக் கேட்டதுமே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா சொல்லல. ஏன்?"

"நான்தான் சொல்லியிருந்தேன்," என்றார் குரல்காரர். "அவன் பேச்சை என்கிட்ட யாரும் எடுக்கக்கூடாதுன்னு."

"வேலை போனாலும் எடுக்கக்கூடாதுன்னா சொன்னீங்க?"

மணி நாலு நாற்பது. குரல்காரர் எழுந்து போனை எடுத்தார்.

*

செயலாளர் இங்கே குடிவந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அவர் லேசில் விடவில்லை. புகார் கொடுத்தது நீங்கதானே, இப்போ இல்லைங்கறீங்களே, அப்போ உள்ளே இருந்தது யார் என்று அவர் கேட்பது போனுக்கு வெளியிலும் கேட்டது.

"தப்பு என்மேலதான். இருந்தது என் தம்பி," என்றார் குரல்காரர்.

"உங்களுக்குத் தம்பி இருக்காரா?"

"இருக்கான்," என்றார். காவலாளி போகவேண்டாம் என்று செயலாளர் ஒத்துக்கொண்ட பிறகே போனை வைத்தார்.

காவலாளியை மேலே கூப்பிட்டார்கள். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். வாசல்படியைத் தாண்டவில்லை. குரல்காரர் மன்னிப்புக் கேட்டார். எத்தனையோ பக்கங்களை ஏற்ற இறக்கத்தோடு வாசித்த மனிதர், இந்த நாலு வரிக்குள் மூன்று தடவை தடுமாறினார். காவலாளி முழுசாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி, கதவுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தார்.

"இது இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும் சார். எனக்கு வேண்டாம்."

"நான்தான் தப்புன்னு சொல்லிட்டேனே..."

"சொன்னீங்க. சரிதான் சார். சாவி இங்கயே இருக்கட்டும்."

அவர் இறங்கத் திரும்பினார். பீப்பாய்க்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, ஒண்ணே ஒண்ணு. கதவுக்கிட்ட எதுக்குத்தான் நின்னீங்க?"

காவலாளி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்ல வெட்கமாக இருந்தது அவருக்கு.

"கதை கேக்கத்தான்," என்றார். "நாலு வருஷமாக் கேக்கறேன். உள்ளறைக் கதவைச் சாத்தினாலும் வாசல் கதவுல காதை வெச்சா சன்னமா வரும். கீழ அந்த ரூம்ல எனக்குப் பேச்சுத்துணைன்னு யாரு இருக்கா? மத்தியானம் சார் வாசிப்பார், நான் வந்து நிப்பேன்." பிறகு, கேட்கக்கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டார். "அந்தக் கப்பல்காரன் வீடு வந்து சேர்ந்தானா சார்? என்னைப் பிடிச்சதுக்கு அப்புறம் நான் வரல. ஒம்பதாவது அத்தியாயத்தோட நின்னுபோச்சு."

குரல்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷமாகத் தன் குரல் எங்கே போகிறது, யார் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. கம்பெனிக்கு அனுப்புவார், கம்பெனி நன்றி என்று ஒரு வரி அனுப்பும். எட்டடி தூரத்தில், ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்த ஆளைத்தான் இவர் பிடித்துக் கொடுத்தார்.

"பத்தாவதை நான் பயந்துக்கிட்டே வாசிச்சிருக்கேன்," என்றார். "முப்பத்தொரு தப்பு. இப்போ மறுபடி முதல்லேருந்து வாசிக்கப்போறேன். நீங்க உள்ள வந்து உக்காருங்க."

"வேலை இருக்கு சார்," என்றார் காவலாளி. இறங்கிப் போனார்.

அவருடைய செருப்புச் சத்தம் நாலு மாடியும் இறங்கி முடிகிற வரைக்கும் குரல்காரர் அங்கேயே நின்றார். அப்புறம் உள்ளறைக் கதவைத் திறந்து, அது சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு தடித்த புத்தகத்தை அண்டக் கொடுத்தார். வாசல் கதவையும் அகலத் திறந்து வைத்தார்.

"சார், தெரு மொத்தமும் உள்ள வருமே," என்றான் பீப்பாய். "மைக் எல்லாத்தையும் பிடிக்குமே?"

"வரட்டும்."

ஊசி பிளக்-இன்னின் குமிழைப் பாதிக்குத் திருப்பி வைத்தாள். "இதுல விட்டா தம்பி மூச்சு கேக்காது சார்," என்றாள். "ஆனா இருக்கும்."

அவர் தலையாட்டினார், மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார்.

*

படியிறங்கி முதல் திருப்பம் வந்ததும் பீப்பாய் கேட்டான். "தம்பிக்குப் போன் பண்ணுவாரா மேடம்?"

"அது நம்ம கேஸ் இல்ல."

"தெரியும். சும்மா கேட்டேன்."

மேலேயிருந்து குரல் இறங்கி வந்துகொண்டிருந்தது. திறந்த கதவு வழியாக, படிப்படியாக, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. கப்பல்காரன் ஏதோ ஒரு துறைமுகத்தில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். பீப்பாய் தன்னையறியாமல் மெதுவாக இறங்கினான். வீட்டுக்குப் போனால் டிவி இருக்கும். இந்தக் கதையில் அடுத்து என்ன என்று அதற்குத் தெரியாது.

கீழே காவலாளி தன் நாற்காலியில் இல்லை. தண்ணீர் மோட்டார் பெட்டிக்குப் பக்கத்தில், சுவிட்சில் கையை வைத்தபடி, முகத்தை மாடிப் பக்கம் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். தொட்டியில் தண்ணீர் ஏற்றுகிற நேரம் தாண்டிவிட்டது. மோட்டாரைப் போட்டால் அதன் இரைச்சல் படிக்கட்டு முழுக்க ஏறும், திறந்த கதவு வழியாக மைக் வரைக்கும் போகும்.

இரண்டாவது மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. "காவலாளி! குழாய்ல சொட்டுத் தண்ணி வரல! மோட்டார் போடலையா இன்னும்?"

காவலாளி உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து, முடிந்தவரை அடங்கிய குரலில் சொன்னார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. சார் வாசிக்கிறார்."